மணல் குடிக்கும் ஆறு: லூனியை வைத்து ஒரு பாலைவன நதியைப் புரிந்துகொள்வது

போன ஆடி மாதம் அத்தைக்காகப் பாரிமுனை கோடவுன் தெருவுக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன். அத்தை வீட்டிலேயே உள்பாவாடை தைத்து விற்கிறார். மொத்தக் கடையில் பாப்லின் எடுத்தால் மீட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். கடைக்காரப் பெரியவர் சென்னையிலேயே பிறந்தவர். தமிழ் நம்மைவிடச் சரளம். பூர்விகம் மட்டும் ராஜஸ்தானின் பார்மேர் பக்கம். துணியைக் கிழித்துக்கொண்டிருந்தவர் செல்போனில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

வெறும் மணல். அதன்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு நாக்குபோலத் தண்ணீர் ஊர்ந்து வருகிறது. முன்னால் நுரை, சுள்ளி, சருகு. கரையில் ஒருவர் மேளம் அடிக்கிறார், பெண்கள் பூவும் குங்குமமும் தூவுகிறார்கள்.

"எங்க லூனி ஆறு தம்பி. சமதரிக்கு வந்துடுச்சு."

"உங்க ஊரும் அதுதானா ஐயா?"

"இல்ல, எங்க ஊரு சிந்தரி. இன்னும் கீழே. அங்க வந்து சேருமான்னு சொல்ல முடியாது."

ஆறு வந்து சேருமா என்பது எனக்கு விநோதமாக இருந்தது. காவிரி டெல்டாக்காரர்களுக்கு 'ஆறு வந்துடுச்சு' என்ற பேச்சு பழக்கம்தான். ஆனால் அங்கே அணையைத் திறந்தால் வரும், முறை வைத்து வரும். இங்கே பாதி வழியில் ஆறு காணாமல் போவதைப் பற்றி அவர் பஸ் தாமதமாவதைச் சொல்வதுபோல இயல்பாகச் சொன்னார். அந்த இயல்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

பாலைவனத்தில் ஏது ஆறு?

பாலைவனத்தில் ஓடும் ஆறுகளில் இரண்டு ஜாதி உண்டு. முதலாவது, வெளியூரில் சம்பாதித்து இங்கே செலவு செய்யும் ஆறு. நைல் அப்படித்தான். எத்தியோப்பிய மலைகளிலும் கிழக்கு ஆப்பிரிக்க ஏரிகளிலும் பெய்யும் மழையைச் சுமந்துகொண்டு சகாராவைக் கடந்து கடலுக்குப் போகிறது. சிந்துவும் அந்த வகை.

இரண்டாவது, உள்ளூர் மழையை மட்டும் நம்பியிருக்கும் ஆறு. மழை பெய்தால் ஓடும், நின்றால் நிற்கும். துபாய், மஸ்கட் பக்கம் வேலை செய்துவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள், 'வாடி' என்பார்கள். வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் பள்ளம், ஒரு மழைக்குக் காரையே உருட்டிக்கொண்டு போகும். தமிழில் காட்டாறு என்ற சொல் இதற்கு ரொம்பப் பக்கம்.

லூனி இந்த இரண்டாவது ஜாதி. ஆரவல்லி மலையில் அஜ்மீர் அருகே பிறந்து, தென்மேற்காக நாகௌர், பாலி, ஜோத்பூர், பார்மேர், ஜாலோர் வட்டாரங்கள் வழியாகச் சுமார் 495 கி.மீ. ஓடி, குஜராத்தின் கட்ச் ரண் என்ற உப்புச் சதுப்பில் பரவி முடிந்துவிடுகிறது. மற்ற ஆறுகளைப்போலக் கடலில் போய் விழுவதில்லை. சௌகார்பேட்டையில் நாம் பார்க்கும் மார்வாடிக் குடும்பங்களில் நிறையப் பேரின் சொந்த ஊர் இந்த ஆற்றுப் படுகைக்குள்தான் வருகிறது. பாலி, ஜாலோர், ஜோத்பூர் என்று கடைப் பெயர்ப்பலகைகளில் பார்த்திருப்பீர்களே, அதே ஊர்கள்.

சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் மழை. ஜோத்பூருக்கு அதில் கால் பங்குதான். அதுவும் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை சில நாட்களில் கொட்டி முடிந்துவிடும். ஆனால் அங்குள்ள வெயிலும் காற்றும் திறந்து வைத்த தண்ணீரை வருடத்தில் ஆள் உயரத்துக்கு ஆவியாக்கக்கூடியவை. வரவு முழங்கால் அளவுகூட இல்லை, செலவு ஆள் உயரம். இந்தக் கணக்கில் ஆறு எப்படிப் பிழைக்கிறது?

மணலுக்குள் ஒளிந்துகொண்டு பிழைக்கிறது.

காய்ந்த மணலில் வெள்ளம் வரும்போது முதலில் மணல் குடிக்கும். அது குடித்து மீதம் இருந்தால்தான் அடுத்த அடி நகரும். நம் ஆறுகள் கீழே போகப் போகப் பெருக்கும். காரணம், துணையாறுகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். பாலைவன ஆறு கீழே போகப் போகச் சிறுக்கும். படுகைக்குள் இறங்கும் இந்த நீரை நிபுணர்கள் 'வழிக் கசிவு இழப்பு' என்று எழுதுவார்கள். இழப்பு என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. மேலே கிடந்தால் வெயில் தின்றுவிடும் நீர், மணலுக்குள் ஓர் ஆள் ஆழம் இறங்கிவிட்டால் ஏறக்குறைய பத்திரம். அதை வங்கியில் போட்ட பணம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இது நமக்குப் புதிதும் இல்லை. கோடையில் பாலாற்று மணலைக் கையால் தோண்டி ஊற்றுநீர் குடித்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். தாம்பரம், பல்லாவரம் பகுதிகள் பாலாற்றுப் படுகைக் கிணறுகளின் தண்ணீரைப் பல காலம் குடித்தவை. பாலத்தின்மேல் பஸ்ஸில் போகும்போது 'ஆறு செத்துப்போச்சு' என்கிறோம். செத்ததாக நாம் சொல்லும் அந்த ஆற்றின் தண்ணீர் நம் வீட்டுக் குழாயிலேயே வந்துகொண்டிருந்தது.

பாதி இனிப்பு, பாதி உப்பு

லூனி என்ற பெயர் லவணத்திலிருந்து வந்தது. உப்புத்தான். பழைய பெயர் லவணவாரி, அதாவது உப்புநீர் ஆறு. ஆனால் பிறக்கும்போது அது உப்பு இல்லை. பாலோத்ரா என்ற ஊர் வரை குடிக்கிற மாதிரி இருந்து, அதற்குக் கீழேதான் கரிக்கத் தொடங்குகிறது. பாதி இனிப்பு, பாதி உப்பு என்று அங்கே சொல்வார்கள்.

ஏன் அப்படி? ரசத்தை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன அனுபவம் உங்களுக்கு இருந்தால் பதில் தெரியும். சுண்டச் சுண்ட உப்பு ஏறும். நீங்கள் கூடுதலாக ஒரு கல்கூடப் போடவில்லை, தண்ணீர்தான் போய்விட்டது. மழைநீர் மண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சரிவு குறைந்த தரையில் மெதுவாக நகர்கிறது, வழியெல்லாம் ஆவியாகிறது. போதாததற்கு அந்த வட்டார மண்ணிலேயே பழைய உப்பு உறங்கிக் கிடக்கிறது. பாலோத்ராவுக்குப் பக்கத்தில் பச்பத்ரா என்ற இடத்தில் கடலே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக உப்பு எடுக்கிறார்கள். மரக்காணம், வேதாரண்யம் உப்பளங்களைப் பார்த்த கண்ணுக்கு, கடலுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி உப்புப் பாத்தி என்பது வேடிக்கையாக இருக்கும்.

மனிதர்கள் இந்த உப்போடு சண்டை போடவில்லை. பாலி மாவட்டத்தின் கார்ச்சி வட்டாரத்தில் விவசாயிகள் உப்பு மண்ணிலேயே விளையும் ஒரு கோதுமையைப் பொறுக்கிப் பொறுக்கிக் காப்பாற்றி வந்தார்கள். கார்ச்சியா என்று பெயர். உவர் மண் தாங்கும் கோதுமை ரகங்களை உருவாக்க நினைக்கும் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதைத்தான் தாய்ரகமாகத் தேடிப் போகிறார்கள்.

ஆறு காய்ந்து கிடக்கும் நாட்களையும் அவர்கள் வீணாக்கவில்லை. திலவாரா என்ற ஊரில் ஒவ்வொரு பங்குனி வாக்கிலும் மல்லிநாத் கால்நடைச் சந்தை கூடுகிறது. கூடுவது லூனியின் காய்ந்த படுகையிலேயே. ஒட்டகம், குதிரை, மாடு எல்லாம் ஆற்றுக்குள் நிற்கும். வைகை மணலில் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

ஆனால் ஆறு தூங்குகிறது என்று நம்பிவிடவும் கூடாது. 1979 ஜூலையில் லூனியில் வந்த வெள்ளம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய ஜஸ்வந்த் சாகர் அணையையே உடைத்துக்கொண்டு போனது. 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் ஒரு வருட மழையைவிட அதிகம் சில நாட்களில் கொட்டியது. கவாஸ் என்ற கிராமம் தண்ணீருக்குள் போனது. அந்தத் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவே இல்லை, அடியில் ஜிப்சம் படிவம் தரைபோலத் தடுத்துவிட்டது. மணல் குடிக்காத இடத்தில் பாலைவனம் ஏரியாகிவிடும். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் மொட்டை மாடிக்கு ஏறி நின்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

யாரெல்லாம் குடியிருக்கிறார்கள்

இந்த ஆற்றை நம்பி வாழும் உயிர்களை ஆற்றில் தேடினால் கிடைக்காது. கரையில் தேட வேண்டும், மண்ணுக்குள் தேட வேண்டும், சில சமயம் வானத்தில் தேட வேண்டும்.

மண்ணுக்குள் இருப்பவை தவளைகள். மழைக்காலம் முடிந்ததும் ஈர மண்ணுக்குள் புதைந்துகொண்டு, உடம்பின் வேகத்தைக் குறைத்து, அடுத்த மழைவரை மாதக்கணக்கில் கிடக்கின்றன. முதல் வெள்ளம் வந்த இரவு கிளம்பும் சத்தம் காதைப் பிளக்கும். குட்டைகள் வற்றுவதற்குள் இணை சேர்ந்து, முட்டையிட்டு, தலைப்பிரட்டை தவளையாகிவிட வேண்டும். பாலைவனக் குட்டைகளில் தேவதை இறால் என்றொரு சிறு உயிர் இருக்கிறது. அதன் முட்டைகள் காய்ந்த சேற்றில் வருடக்கணக்கில் தூசியாகக் கிடந்து, நனைந்ததும் பொரியும். பொட்டலத்தில் கிடக்கும் விதை மாதிரி.

மரங்களில் ராஜா வன்னி. அங்கே கேஜ்ரி என்பார்கள், 1983 முதல் ராஜஸ்தானின் மாநில மரம். விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கிறதே, அதே வன்னிதான். ஆணிவேர் மிக ஆழமாக இறங்கி, மணல் சேமித்த அந்த நிலத்தடி நீரைத் தொட்டுவிடும். ஆறு ஓடாத பத்து மாதமும் மரம் பச்சையாக நிற்பது அதனால்தான். ஆடு, ஒட்டகத்துக்கு அதன் இலை தீனி. வேர் மண்ணுக்கு உரம் சேர்ப்பதால் வன்னியின் அடியில் விதைத்த கம்பு மற்ற இடத்தைவிட நன்றாக வரும். அதன் காய்ந்த காயைச் சௌகார்பேட்டை மளிகைக் கடைகளில் சாங்க்ரி என்று விற்கிறார்கள். ஊறவைத்து, கேர் என்னும் முள்செடிக் காயோடு சேர்த்துக் கறி செய்வார்கள். கொஞ்சம் சுண்டைவற்றலுக்கு உறவு என்று வைத்துக்கொள்ளலாம், எனக்குப் பிடித்தது.

இந்த மரத்துக்காக உயிர் கொடுத்தவர்களும் இந்தப் படுகைக்காரர்களே. ஜோத்பூர் அருகே கேஜட்லி கிராமத்தில் 1730இல் அரண்மனைச் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வெட்ட ராஜாவின் ஆட்கள் வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பிஷ்னோய் சமூகப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்று வெட்டுப்பட்டார். அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் உயிர் விட்டதாகப் பிஷ்னோய்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அந்தக் கிராமங்களைச் சுற்றி வெளிமான்களும் சிங்காரா மான்களும் ஆட்டுமந்தைபோலப் பயமில்லாமல் மேய்கின்றன. வெளிமானைப் பார்க்க நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, கிண்டி தேசியப் பூங்காவில் இருக்கிறது. ஒரே இனம். இங்கே வேலிக்குள், அங்கே கடலைக் கொல்லையில்.

லூனியின் துணையாறான ஜவாயின் கரையில் இன்னொரு அதிசயம். வழுவழுப்பான கருங்கல் குன்றுகள், அவற்றின் குகைகளில் சிறுத்தைகள், அடிவாரத்தில் ரபாரி இடையர்களின் ஆடுகள். சாயங்காலம் சிறுத்தை பாறையில் வந்து உட்காரும், கீழே சிவப்புத் தலைப்பாகைக்காரர் மந்தையை ஓட்டிக்கொண்டு போவார். 1957இல் முடிந்த ஜவாய் அணையின் நீர்த்தேக்கத்தில் முதலைகளும் இருக்கின்றன. பாலைவனத்தின் ஓரத்தில் முதலை!

வானத்திலிருந்து வருபவை குர்ஜா என்ற பறவைகள். சாம்பல் நிறம், கருத்த கழுத்து, கண்ணுக்குப் பின்னால் வெள்ளை இறகுக் கொத்து. மங்கோலியா, மத்திய ஆசியப் புல்வெளிகளில் முட்டையிட்டு, இமயமலையைத் தாண்டிக் குளிர்காலத்துக்கு ஜோத்பூரைச் சுற்றிய மார்வார் வட்டாரத்துக்கு வருகின்றன. ஆறு கடைசியாகப் பரவி முடியும் ரண் பகுதியில், நல்ல மழை வருடங்களில் ஆழமில்லாத உப்புநீர் தேங்கும்போது பூநாரைகள் ஆயிரக்கணக்கில் கூடி மண்கூடு கட்டும். பறவையியலாளர் சாலிம் அலி 1945இல் போய்ப் பார்த்த இடம் அது. நம் பழவேற்காட்டில் தை மாதம் நிற்கும் அதே இனப் பூநாரைதான். அங்கே அது குஞ்சு பொரிப்பது, நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளி அஜ்மீர் மலையில் மழை பெய்ததா என்பதையும் கொஞ்சம் பொறுத்தது.

பாவாடைத் துணியின் பங்கு

இனி சங்கடமான பகுதி. நான் எடுக்கப் போனது பாப்லின் என்று சொன்னேன் இல்லையா? பாலோத்ராவின் பாப்லின் உள்பாவாடை தைக்க நாடெங்கும் போகிறது. பாலியும் ஜோத்பூரும் சாயத் தொழிலுக்குப் பேர் போனவை. மூன்றுமே லூனியின் மடியில் இருக்கின்றன. பாலியின் சாயக்கழிவு பாண்டி ஆற்றில், ஜோத்பூருடையது ஜோஜரி ஆற்றில், இரண்டும் போய்ச் சேர்வது லூனியில்.

வற்றாத ஆற்றில் கழிவு கலந்தால் அதை நீர்க்கச் செய்ய நல்ல தண்ணீர் இருக்கும். அதனால் குற்றம் குறைந்துவிடாது, ஆனாலும் பாதிப்பு கொஞ்சம் நீர்க்கும். பாலைவன ஆற்றில் பத்து மாதம் வேறு தண்ணீரே கிடையாது. கழிவுதான் ஆறு. அதையும் மணல் குடிக்கும். நல்ல நீரைக் காப்பாற்றி வைத்த அதே மணல், அதே வழியில், சாயத்தையும் உப்பையும் கிணற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். லூனியின் பலமே அதன் பலவீனமாக மாறுவது இந்த இடத்தில்தான். பாலிக்குக் கீழே விவசாயத்துக்காகக் கட்டிய நேஹடா அணையில் சாயநீர் தேங்கியதும், சுற்றுக் கிணறுகள் கெட்டதும் இப்படித்தான்.

நொய்யல் ஞாபகம் வருகிறதா? திருப்பூர்ச் சாயத்தால் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கே உதவாமல் போன கதையும் இதே கதைதான். அதுவும் பெரும்பாலும் வறண்டு கிடக்கும் ஆறு. அங்கே 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே கழிவுநீரை வெளியே விடாத முறை உறுதியாக நடைமுறைக்கு வந்தது. தோல் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, 'கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஜோஜரி விவகாரத்தை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தானாகவே கையில் எடுத்தது. நம் இரண்டு ஆறுகளின் அனுபவத்தையும் பார்த்த பிறகு, உத்தரவு வருவதும் ஆறு தெளிவதும் வேறு வேறு என்றுதான் எனக்குப் படுகிறது.

மணல் அள்ளுவதும் உண்டு. அங்கே பஜ்ரி என்பார்கள். கட்டடத்துக்கு மணல் வேண்டும், சரி. ஆனால் இந்த ஆற்றில் மணல்தான் தொட்டி. பாத்திரத்தை விற்றுவிட்டுத் தண்ணீர் எங்கே என்று தேட முடியாது. எவ்வளவு அள்ளினால் எவ்வளவு திரும்பச் சேரும் என்ற ஆய்வு இல்லாமல் பஜ்ரி எடுக்கக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. திருட்டு மணல் பற்றித் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் சீமைக் கருவேலம். அங்கே அதன் பெயர் விலாயதி பபூல். விலாயதி என்றால் சீமை, பபூல் என்றால் கருவேலம். எவரும் மொழிபெயர்த்துக் கொடுக்காமலேயே இரண்டு ஊரும் ஒரே பெயரை வைத்திருக்கின்றன. 1940இல் ஜோத்பூர் அரசு அதற்கு ராஜ மரம் என்ற தகுதியே கொடுத்தது. மணல் பறக்காமல் தடுக்க, விறகுக்கு என்று நல்ல நோக்கத்தில் கொண்டுவந்ததுதான். இப்போது ஆற்றங்கரையிலும் மேய்ச்சல் தரையிலும் வன்னிக்கும் புல்லுக்கும் இடம் கொடுக்காமல் அடைத்து நிற்கிறது. வெட்டினால் துளிர்க்கும், ஆடு காயைத் தின்று விதையைப் பரப்பும். ஏழைக் குடும்பங்களுக்கு அதன் கரி இன்று வருமானமும்கூட என்பதால், ஒரேயடியாகப் பிடுங்கி எறி என்று சொல்வதும் எளிதல்ல.

இதற்கு மாற்றாகச் செய்யப்படுபவை சத்தமில்லாத வேலைகள். ஜோத்பூரில் இருக்கும் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் மணல்மேட்டை நிலைநிறுத்துவதிலும் வன்னியை வளர்ப்பதிலும் 1950களிலிருந்து ஈடுபட்டிருக்கிறது. கிராமங்களில் நாடி எனப்படும் சிறு குளங்களைத் தூர்வாருவதும், டாங்கா என்ற மழைநீர்த் தொட்டிகளைப் புதுப்பிப்பதும் நடக்கின்றன. 'ஓரண்' என்று சாமிக்கு விட்ட காடுகள் இருக்கின்றன, கிளை ஒடிக்க மாட்டார்கள். நம் கோயில்காடு மாதிரிதான்.

இரண்டு வாரம் கழித்து, தீபாவளி ஆர்டருக்காக அத்தை மறுபடி அனுப்பினார். சென்னையில் மழைக்காலம் வந்தால் நாம் செம்பரம்பாக்கம் எத்தனை அடி என்று கேட்போம். கடையில் ஏறியதும் என் வாயில் வேறு கேள்வி வந்தது.

"ஐயா, ஆறு எதுவரைக்கும் போச்சு?"

"திலவாரா தாண்டுச்சாம். சிந்தரிக்கு வரல தம்பி, மணல் குடிச்சிடுச்சு." முகத்தில் பெரிய வருத்தம் இல்லை. "மெதுவா கிணத்துல ஏறும். தீபாவளிக்கு ஊருக்குப் போறேன்ல, அப்ப வாளி விட்டுப் பாத்துக்கலாம். பாலோத்ரா தண்ணியும் கூடவே வந்திருக்கும், அதான் யோசனை."

அத்தை கொடுத்த சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"எட்டு கலர் கேட்டிருக்காங்க. ஏழுதான் இருக்கு, பரவாயில்லையா?"